‘முதல் பரிசு’ என்று போட்டீர்களே, எந்த வகுப்பில்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் ஒரு நாய்க் கண்காட்சிப் படம் வந்திருந்தது. பையன் ஒருவன் கோப்பையைத் தூக்கிப் பிடித்திருக்கிறான், பக்கத்தில் நாக்கைத் தொங்கப்போட்டபடி ஒரு லாப்ரடார். படத்துக்குக் கீழே ‘முதல் பரிசு பெற்ற நாய்’ என்று மூன்று நான்கு சொல். அவ்வளவுதான் செய்தி. படம் அழகாக இருந்தது, அதில் குறை இல்லை. ஆனால் எந்த வகுப்பில் முதல் பரிசு, அந்த வகுப்பில் எத்தனை நாய் நின்றது என்று ஒரு வரி இல்லை. மாட்டு வண்டிப் பந்தயம் நடந்தால் பெரிய மாட்டில் யார் வண்டி, சின்ன மாட்டில் யார் வண்டி என்று ஊர்ப்பெயரோடு பிரித்துப் போடுகிறீர்கள். நாய்க்கு மட்டும் ஏன் பொத்தாம்பொதுவாக ஒரு ‘முதல் பரிசு’?

இதை ஒரு குறையாக எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், அந்த ஒரு வரி தெரியாததால் நாங்கள் இரண்டு கண்காட்சிக்கு வண்டி வாடகை கொடுத்துப் போய் வெறுங்கையோடு திரும்பியவர்கள்.

சாத்தூரில் எங்களுக்குச் சேவுக்கடை. மாமனார் காலத்திலிருந்து நடக்கிறது. கடைக்குப் பின்னால் வீடு, வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் காலி இடம். அதில் எப்போதும் சிப்பிப்பாறை நாய் ஒன்றிரண்டு இருக்கும். இப்போது இருப்பது தாயும் மகளும். தாய் பேச்சி. மகள் செவ்வந்தி, நல்ல செவலை. அவள் பிறந்த தேதியை நான் எங்கும் எழுதி வைக்க வேண்டியதில்லை. 2023 மாட்டுப் பொங்கல் அன்று, ஜனவரி 16, காலையில் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தபோது பேச்சி முதல் குட்டியைப் போட்டாள். ஐந்து குட்டியில் நான்கைக் கொடுத்துவிட்டோம். செவ்வந்தியை மட்டும் சின்ன மகன் விடவில்லை.

அவனுக்குக் கண்காட்சி ஆசை. கல்லூரியில் உடன் படிக்கும் பையன் யாரோ கைப்பேசியில் காட்டியிருக்கிறான். அந்த டிசம்பர் கடைசியில் மதுரைக் கண்காட்சி ஒன்றுக்கு விண்ணப்பப் படிவம் வாங்கி வந்தான். படிவம் முழுக்க ஆங்கிலம். மைனர் பப்பி, பப்பி, ஜூனியர், இன்டர்மீடியட், பிரெட் இன் இந்தியா, ஓப்பன், சாம்பியன் என்று வரிசையாகக் கட்டங்கள், ஒன்றில் குறியிட வேண்டும். செவ்வந்திக்கு அப்போது பதினொரு மாதம். அந்த அட்டவணையில் பப்பி என்றால் 12 மாதம் வரை. சரி என்று பப்பியில் குறியிட்டுப் பணத்தைக் கட்டிவிட்டான். நானும் பக்கத்தில்தான் இருந்தேன். விடியற்காலையில் மாவு பிசையப் போகிற அவசரத்தில் தலையை ஆட்டினேன்.

கண்காட்சி பிப்ரவரி 4. நாயின் வயதைப் படிவம் நிரப்பும் தேதியில் கணக்குப் பார்க்க மாட்டார்கள், காட்சி நடக்கும் நாளில்தான் பார்ப்பார்கள். அன்றைக்கு அவளுக்குப் பன்னிரண்டு மாதமும் பத்தொன்பது நாளும். நாய்களை நிறுத்தி ஓடவிட்டுப் பார்க்கும் களத்துக்கு ரிங் என்று பெயர். அந்த ரிங்குக்கு வெளியே மேசை போட்டு உட்கார்ந்திருந்தவர் பதிவுச் சான்றிதழில் தேதியைப் பார்த்தார், விரலை மடக்கி எண்ணினார், “தம்பி, இது பப்பி இல்லையே” என்றார். ஜூனியருக்கு மாற்றிக் கொடுக்கச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்தோம். கேட்டலாக் அச்சாகிவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டார். சில இடங்களில் மாற்றிக் கொடுப்பதும் உண்டாம், அது பின்னால்தான் தெரிந்தது. அன்று குளிப்பாட்டி, நகம் வெட்டி, குட்டி யானை வண்டியில் மெத்தை போட்டு ஏற்றிக்கொண்டு போன நாய், வேப்பமரத்தடியில் நாள் முழுக்கக் கட்டிக் கிடந்தது. என் மகன் திரும்பி வரும்போது விருதுநகர் தாண்டும்வரை வாயைத் திறக்கவில்லை.

மார்ச்சில் இன்னொரு கண்காட்சி, வேறு ஊரில். இந்த முறை வயதுக் கணக்கே வேண்டாம் என்று முடிவெடுத்தோம். ஓப்பன் என்று ஒரு வகுப்பு இருக்கிறதே, பெயரிலேயே திறந்த கதவு, யார் வேண்டுமானாலும் போகலாம். அதில் போட்டோம். போகலாம் என்பது உண்மைதான், விதியில் இடம் உண்டு. ஆனால் அங்கே எதிரில் நின்றவை மூன்று வயது, நான்கு வயதுப் பெட்டைகள். நெஞ்சு முழங்கை வரை இறங்கி, வயிறு ஏறி, முதுகு வளைவு வில் மாதிரி அமைந்த நாய்கள். எங்கள் செவ்வந்திக்குப் பதினான்கு மாதம். கால் மட்டும் வளர்ந்து, அரைக்கால் சட்டை பற்றாமல் நிற்கிற எட்டாம் வகுப்புப் பையன் மாதிரி இருந்தாள். ஐந்தில் ஐந்தாவது.

அன்று நீதிபதி நல்ல மனிதர். முடிவு சொல்லி எழுதிக் கொடுத்த பிறகு, எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, “அம்மா, குட்டி நல்லாத்தான் இருக்கு. இந்த வயசுக்கு ஏன் ஓப்பன்ல போட்டீங்க? ஜூனியர் இருக்கில்ல?” என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. இதே தவற்றை வேறொரு இடத்தில் யாராவது செய்திருந்தால் நானே சிரித்திருப்பேன்.

ஏனென்றால் என் அப்பா பந்தய மாடு வளர்த்தவர். பெரிய மாடு, நடு மாடு, சின்ன மாடு, கரிச்சான், பூஞ்சிட்டு என்று மாட்டைப் பிரித்து ஓட்டுவதைப் பார்த்தே வளர்ந்தேன். ஒவ்வொன்றுக்கும் ஓட வேண்டிய தூரம்கூட வேறு. பூஞ்சிட்டைக் கொண்டுபோய்ப் பெரிய மாட்டு வண்டியோடு எவனாவது நிறுத்துவானா? நிறுத்தி, தோற்ற பிறகு ‘என் மாடு சொத்தை’ என்று சொல்வானா? ஆனால் நான் அன்று வண்டியில் வரும்போது அப்படித்தான் சொன்னேன். “சாதாரண நாயை எல்லாம் இங்கே கொண்டு வரக் கூடாது போல” என்று. என் மகனுக்கு அது எவ்வளவு பட்டது என்று பிறகுதான் தெரிந்தது. இந்த வார்த்தையைச் சொல்லிவிட்டு அத்தோடு கண்காட்சிப் பக்கமே போகாதவர்கள் எங்கள் பக்கத்தில் பலர். சிப்பிப்பாறையும் கன்னியும் கோம்பையும் ராஜபாளையமும் வைத்திருப்பவர்களில்தான் இது அதிகம். பட்டணத்தில் ஜெர்மன் ஷெப்பர்ட் வைத்திருப்பவருக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிறது, குட்டி விற்றவரே ரிங்கில் நாயைப் பிடித்துக் காட்டும் ஹேண்ட்லரையும் ஏற்பாடு செய்து தருகிறார். எங்களுக்கு யார்?

அப்புறம் நானே தெரிந்துகொள்ளத் தொடங்கினேன். என் அண்ணன் மகள் இங்கிலாந்தில் லெஸ்டரில் இருக்கிறாள். அவள் வீட்டில் விப்பெட் என்ற இனத்து நாய். படத்தில் பார்த்தால் நம் சிப்பிப்பாறையின் குட்டைத் தங்கை மாதிரி இருக்கும். அவள் அங்கே உள்ள கண்காட்சிகளுக்குப் போய்வருகிறவள். “அத்தை, முதலில் வகுப்பின் பெயரை மறந்துவிடுங்கள், எதிரில் இருக்கும் எண்ணைப் படியுங்கள்” என்றாள். அதன் அர்த்தம் கொஞ்ச நாளில் புரிந்தது. பெல்ஜியத்தைத் தலைமையிடமாகக் கொண்ட எஃப்.சி.ஐ. என்ற உலக அமைப்பின் விதியில் மைனர் பப்பி என்றால் 4 முதல் 6 மாதம். இங்கிலாந்தில் அதே மைனர் பப்பி 6 முதல் 9 மாதம். எஃப்.சி.ஐ.யில் பப்பி 6 முதல் 9, இங்கிலாந்தில் 6 முதல் 12. ஜூனியர் என்பது ஓரிடத்தில் 9 மாதத்திலிருந்து 18 வரை, இன்னோரிடத்தில் 6 மாதத்திலிருந்தே 18 வரை. பெயர் ஒன்று, பிள்ளை வேறு. நம் ஊர்க் கண்காட்சிக்கு அந்தந்த அமைப்பாளர் தரும் அட்டவணைதான் வேதம். யூடியூபில் வெளிநாட்டுக்காரர் சொல்வதைக் கேட்டுக் கட்டத்தில் குறியிட்டால் எங்கள் கதைதான்.

இங்கிலாந்தில் வயதை மட்டும் பார்ப்பதில்லை, இதுவரை வாங்கிய பரிசையும் எண்ணுகிறார்கள். நோவிஸ், போஸ்ட் கிராஜுவேட், லிமிட் என்று படி வைத்திருக்கிறார்கள். குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் முதல் பரிசு வாங்கிய நாய் கீழ்ப்படிக்கு இறங்க முடியாது. போஸ்ட் கிராஜுவேட் என்று நாய்க்குப் பட்டம் என்றதும் என் வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பில் கடைக்கு வந்தவர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

கேட்டுத் தெரிந்ததில் எனக்கு மிகவும் பயன்பட்டது, வகுப்பு எதற்காக இருக்கிறது என்பது. நான் நினைத்தது, ஜூனியரில் போட்டால் சின்னப் பரிசு, ஓப்பனில் போட்டால் பெரிய பரிசு என்று. அப்படி இல்லை. ஓர் இனத்தில் ஆண் நாய்க்குத் தனி, பெட்டைக்குத் தனி என்று ஒவ்வொரு வகுப்பாக முதலில் முடிப்பார்கள். பிறகு வகுப்புகளில் முதலாக வந்த நாய்களைத் திரும்ப ரிங்குக்குள் கூப்பிட்டு ஒன்றாக நிறுத்துவார்கள். அதில் தேறுகிறதுக்குத்தான் பெரிய மரியாதை. சாம்பியன் பட்டத்துக்குக் கணக்கில் வருகிற சேலஞ்ச் சர்டிபிகேட் என்கிறார்களே, அது அந்தக் கடைசி நிற்றலில் போய் முடிகிறது. அமெரிக்காவிலும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான். அங்கே வகுப்பில் முதலாக வந்தவை மட்டும் திரும்பிப் போய்ப் புள்ளிக்காக நிற்கும். சாம்பியன் பட்டத்துக்கு 15 புள்ளி வேண்டும், குறைந்தது மூன்று நீதிபதிகளிடம் வாங்கியிருக்க வேண்டும். ஆகவே வயதுக்கேற்ற வகுப்பில் போடுவது பயந்து ஒதுங்குவது ஆகாது. ஓப்பனில் ஐந்தாவதாக நின்றால் அத்தோடு வீடு. ஜூனியரில் முதலாக வந்தால் இன்னொரு முறை நீதிபதியின் கண்முன் நிற்கலாம், அதே ஓப்பன்காரியோடும் நிற்கலாம். இதை முதலிலேயே யாராவது ஒரு நிமிடம் சொல்லியிருந்தால் வண்டி வாடகை மிச்சம்.

இன்னொரு குழப்பத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் மாட்டிக்கொண்டார். கன்னி நாய் வைத்திருக்கிறார், கருகருவென்று நல்ல நாய். ‘பிரெட் இன் இந்தியா’ என்ற கட்டத்தைப் பார்த்ததும் “இதுதான் நம்ம நாட்டு இனத்துக்கான வகுப்பு” என்று அடித்துச் சொல்லிக் குறியிட்டார். அந்த வகுப்புக்கு அர்த்தம் இந்தியாவில் பிறந்த நாய், எந்த இனமானாலும். கோயம்புத்தூரில் பிறந்த டாபர்மேனும் பிரெட் இன் இந்தியாதான். தாய்லாந்திலிருந்தோ ரஷ்யாவிலிருந்தோ விமானத்தில் வந்த நாயோடு, இங்கேயே பிறந்து வளர்ந்ததை நேருக்கு நேர் நிறுத்த வேண்டாம், இங்கே குட்டி எடுப்பவருக்கும் ஒரு மரியாதை இருக்கட்டும் என்ற எண்ணத்தில் வைத்தது. வெளிநாட்டு இனங்களுக்கு அது பெரிய விஷயம். கன்னிக்கோ சிப்பிப்பாறைக்கோ என்ன பொருள்? எங்கள் நாய் இந்தியாவில் பிறக்காமல் வேறு எங்கே பிறக்கும்? அந்த இனத்தில் எல்லாமே பிரெட் இன் இந்தியாதான், அதனால் அது இன்னொரு ஓப்பன் மாதிரி ஆகிவிடுகிறது. அவருடைய நாய்க்குப் பதினோரு மாதமோ என்னவோ. வளர்ந்த ஆண் நாய்களுக்கு நடுவில் போய் நின்றது.

‘என்னவோ’ என்று எழுதியதற்குக் காரணம் உண்டு. அவருக்குத் தன் நாயின் பிறந்த தேதி தெரியாது. தோட்டத்தில் யாரோ கொடுத்த குட்டி. ஐப்பசி மழையில் பிறந்தது என்பார், ஒரு நாள் கார்த்திகை என்பார். எங்கள் பக்கத்து நாய்களில் பாதிக்கு இந்த நிலைமைதான். பல்லைப் பார்த்துச் சொல்லலாமே என்று கேட்பார்கள். பால் பல் விழுந்து முளைக்கிற காலம் வரைக்கும், அதாவது சுமார் நாலு மாதத்திலிருந்து ஏழு மாதத்துக்குள், ஓரளவு சொல்லலாம். 42 பல்லும் முளைத்துவிட்ட பிறகு பதினொரு மாதமா பதின்மூன்று மாதமா என்று எந்த டாக்டராலும் பல்லைத் திறந்து அடித்துச் சொல்ல முடியாது. கண்காட்சி வகுப்போ அந்த இரண்டு மாதத்தில்தான் மாறுகிறது. ஆகவே குட்டி போடுகிற அன்றே காலண்டரில் ஒரு வட்டம் போட்டுவிடுங்கள் என்று கேட்பவர்களிடம் எல்லாம் சொல்கிறேன். பால் கணக்கு எழுதுகிற காலண்டர் போதும்.

தேதி தெரிந்தும் மாற்றி எழுதுகிறவர்கள் வேறு ரகம். ஒரு காலத்தில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வயதைக் கூட்டிப் போடுவார்கள், என் சான்றிதழிலேயே ஏழு மாதம் கூடுதல். நாய்க்காரர்கள் குறைத்துப் போடுகிறார்கள். பதினான்கு மாத நாயைப் பதினொரு மாதம் என்று பப்பி வகுப்பில் நிறுத்தினால் மற்றவை அதன் பக்கத்தில் எலிக்குஞ்சு மாதிரித்தானே தெரியும். இதில் அந்த நாய்க்கே நஷ்டம் என்பதை யோசிப்பதில்லை. ஒரு முறை பதிவில் ஏறிய தேதி ஆயுளுக்கும் கூடவே வரும்.

மூன்றாவது கண்காட்சிக்கு வருகிறேன். 2024 டிசம்பர். செவ்வந்திக்கு 22 மாதம் முடிந்திருந்தது. அந்த அட்டவணையில் இன்டர்மீடியட் 24 மாதம் வரை. இன்டர்மீடியட்டிலும் போடலாம், ஓப்பனிலும் போடலாம். விதி இரண்டையும் அனுமதிக்கிறது, நாய்தான் முடிவு சொல்ல வேண்டும். இதற்கு வாய்ப்பாடு கிடையாது. அண்ணன் மகள் ஒரு யோசனை சொன்னாள். காலையில் வெளிச்சம் வந்ததும் நாயைப் பக்கவாட்டில் நிறுத்தி ஒரு படம் எடுங்கள், வளர்ந்த நாயின் படத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் என்று. செய்தோம். பேச்சியின் படம் ஒன்று இருந்தது, மூன்று வயதில் எடுத்தது. இரண்டையும் கடை மேசையில் வைத்துப் பார்த்தபோது எனக்கே தெரிந்தது. தலையும் கழுத்தும் தாயை அப்படியே உரித்து வைத்திருந்தது. வால் அரிவாள் மாதிரி சரியாக வளைந்து நின்றது. நெஞ்சு மட்டும் இன்னும் இரண்டு விரல் இறங்க வேண்டும். நம் வேட்டை நாய்கள் உயரத்தை ஒரு வயதில் முடித்துக்கொள்ளும், உடம்பு நிரம்ப மேலும் ஒரு வருடம், சிலதுக்கு அதற்கும் மேல் ஆகும். லாப்ரடார் மாதிரி சீக்கிரம் பருத்துக் காட்டாது. வளர்ப்பவர்கள் இதைத் தெரியாமல் சோற்றை அள்ளி வைத்துக் கொழுக்க வைத்துவிடுகிறார்கள், அது இன்னும் மோசம். இன்டர்மீடியட்டில் குறியிட்டோம்.

சின்னவன் தினமும் சாயங்காலம் வைப்பாற்று மணலில் அவளோடு ஓடினான். ரிங்கில் நீதிபதி நாயைச் சும்மா நிறுத்தி மட்டும் பார்ப்பதில்லை, ஓடவிட்டும் பார்ப்பார். வாயைத் திறந்து பல்வரிசை பார்ப்பார், உடம்பு முழுக்கக் கை வைப்பார். வேற்று ஆள் கை பட்டதும் பதுங்குகிற நாய் எந்த வகுப்பில் நின்றாலும் தேறாது. கடைக்கு வருகிற ஆட்களிடம் எல்லாம் அவளைத் தடவச் சொன்னோம். சேவு வாங்க வந்தவர்கள் நாய்ப்பல்லை எண்ணிவிட்டுப் போனார்கள்.

அன்று இன்டர்மீடியட் பெட்டையில் மூன்று நாய். செவ்வந்தி முதல். என் மகன் கையெழுத்து வாங்கக்கூட மறந்து ரிங்கைவிட்டு ஓடி வந்துவிட்டான், திரும்பப் போகச் சொல்லித் தள்ளினேன். கொஞ்ச நேரத்தில் வகுப்பு முதல்களை எல்லாம் கூப்பிட்டார்கள். பார்த்தால் ஓப்பனில் முதலாக வந்திருந்தது மார்ச்சில் எங்களைத் தோற்கடித்த அதே சாம்பல் நிறப் பெட்டை. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. நீதிபதி அதைப் பார்த்தார், இதைப் பார்த்தார், இரண்டையும் மட்டும் மறுபடி ஓடவிட்டார். கடைசியில் சாம்பல் பெட்டைக்குத்தான் கொடுத்தார். சரியான முடிவு. அது முழுசாக நிரம்பிய நாய், நானாக இருந்தாலும் அதற்குத்தான் கொடுத்திருப்பேன். ஆனால் மார்ச்சில் ஐந்தாவதாக நின்ற செவ்வந்தியும் இந்தச் செவ்வந்தியும் ஒன்றுதான் என்று யாராலும் சொல்ல முடியாது. நடுவில் ஒன்பது மாதமும் ஒரு கட்டத்தில் போட்ட குறியும் மட்டும்தான் மாறியிருந்தன.

அதே நாளில் எங்களுக்குப் பக்கத்தில் கூடாரம் போட்டிருந்த ஒருவருக்கும் ஒரு முதல் பரிசு. அவருடைய வகுப்பில் இருந்தது அவருடைய நாய் ஒன்று மட்டுமே. அதுவும் தப்பில்லை, நாய் நன்றாக இல்லாவிட்டால் தனியாக நின்றாலும் பரிசை நிறுத்தி வைக்க நீதிபதிக்கு உரிமை உண்டு. ஆனால் மறுநாள் அவர் ஊரில் கட்டிய தட்டியில் ‘மாநில அளவில் முதலிடம்’ என்று இருந்ததாகக் கேள்வி. அடுத்த மாதமே அந்த நாயின் குட்டிக்கு விலை இரட்டிப்பு. ஆசிரியர் அவர்களே, பத்திரிகையில் வகுப்பையும் எண்ணிக்கையையும் போடச் சொல்வது இதற்காகத்தான். குட்டி வாங்குகிறவர்கள் உங்கள் படத்தைத்தான் வெட்டி வைத்துக்கொள்கிறார்கள். ‘சிப்பிப்பாறை, இன்டர்மீடியட் பெட்டை, 3 நாய்களில் முதல்’ என்று போட்டால் எவ்வளவு இடம் பிடித்துவிடும்? மாட்டு வண்டிக்குத் தருகிற இடத்தில் பாதிகூட வேண்டாம்.

அமைப்பாளர்களிடமும் ஒன்று கேட்கிறேன். பெயர் குறிப்பிடவில்லை, இதைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். தமிழ்நாட்டில் நடக்கிற கண்காட்சிக்கு அட்டவணையைத் தமிழிலும் ஒரு பக்கம் அச்சடியுங்கள். வகுப்பு, வயது, ‘காட்சி நடக்கும் நாளில் உள்ள வயது’ என்று தடித்த எழுத்தில் ஒரு வரி, அது போதும். 2005இல் தபால் துறை ராஜபாளையம் நாய்க்கு அஞ்சல்தலை வெளியிட்டது. 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலியில் பேசும்போது ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொன்னார். அதற்குப் பிறகு எங்கள் பக்கம் குட்டி கேட்டு வராத ஊர்க்காரர் இல்லை. பெருமை எல்லாம் சரி. அந்த நாயை வளர்க்கிறவனுக்குப் படிவம் புரிய வேண்டாமா? வேட்டைக்குப் போக முடியாது, போகவும் கூடாது, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு முயலைத் துரத்தினாலே வனத்துறை வழக்கு. காவலுக்கு இப்போது எல்லா வீட்டிலும் கேமரா. இந்த நாய்கள் நாலு பேர் முன்னால் ஓடிக்காட்ட மிஞ்சியிருக்கிற இடம் இந்த ரிங்தான். அங்கேயும் வாசலில் வைத்தே திருப்பி அனுப்பினால் எப்படி?

முதல் முறை போகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், ஓப்பனைப் பார்த்து ஏமாற வேண்டாம் என்று மட்டும் சொல்வேன். மற்றபடி வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் சான்றிதழை மறக்காதீர்கள், தண்ணீர் வீட்டிலிருந்தே கொண்டு போங்கள். பெட்டை பருவத்தில் இருந்தால் பணம் போனாலும் பரவாயில்லை, வீட்டிலேயே விட்டுவிடுங்கள், மற்ற நாய்க்காரர்கள் சாபம் விடுவார்கள்.

கடைசியாக ஒன்று. வயதான நாய்களுக்கு வெட்டரன் என்று ஒரு வகுப்பு உண்டு. எஃப்.சி.ஐ. கணக்கில் எட்டு வயதிலிருந்து, இங்கிலாந்தில் ஏழிலிருந்து. எல்லாக் கண்காட்சியிலும் வைக்கிறார்களா என்றால் இல்லை, நான் பார்த்த மூன்றில் ஒன்றில்தான் இருந்தது, அதிலும் ஒரு நாய்கூட வரவில்லை. எங்கள் பேச்சிக்கு வருகிற ஆவணியில் எட்டு முடிகிறது. முகமெல்லாம் நரைத்துவிட்டது, பின்னங்கால் கொஞ்சம் விறைப்பு, ஆனால் நிறுத்தினால் இன்னமும் செவ்வந்தியைவிட நன்றாக நிற்கிறாள். அடுத்த அட்டவணை வந்ததும் முதலில் அந்தக் கட்டம் இருக்கிறதா என்றுதான் பார்ப்பேன். இருந்து, அவள் ஒருத்தி மட்டும் நின்று, முதல் பரிசும் கொடுத்து, உங்கள் படக்காரரும் அங்கே வந்திருந்தால், தயவுசெய்து ‘1 நாயில் முதல்’ என்றே போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சேவுக்கடை வாசகி,
சாத்தூர்.